அழுங்கும் நீர்நாயும் பெருங்கணினியும்

ஒரு காட்டின் நடுவே ஆறு ஓடியது. கரையோரக் குகையில் ஒரு பெருங்கணினி இருந்தது. மலையில் மழை கொட்டினால் ஆற்றில் வெள்ளம் வரும். அதற்குமுன் எந்த விலங்கு எங்கே போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது அந்தக் கணினியின் வேலை.

அதற்கு நிரல் எழுதியது, உடலெல்லாம் செதில் கொண்ட எறும்புதின்னியான அழுங்கு. இருபது வருடமாக அதுதான் அதைப் பார்த்துக்கொண்டது. நீந்தத் தெரியாத நில ஆமைக்கு ஒரு வரி, மானுக்கு ஒரு வரி, முயலுக்கு ஒரு வரி என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஒரே நீளமாகப் போகும். ஒருமுறை முயல்கள் வளை மாற்றின. அழுங்கு முயலின் வரியைத் திருத்தியது. அடுத்த மழையில் மான்களுக்கு அறிவிப்பே வரவில்லை. ஒரு மான்குட்டி காலை ஒடித்துக்கொண்டுதான் கரையேறியது.

தலைவரான காட்டெருமை கூட்டம் போட்டது. பொருள்நோக்கு நிரலாக்கம் படித்து வந்திருந்த நீர்நாய் எழுந்து பேசியது.

"ஒவ்வொரு விலங்கையும் நிரலில் ஒரு தனிப் பொருளாக வைப்போம். முயல் எங்கே இருக்கிறது, வெள்ளம் வந்தால் எங்கே ஓடும் என்பதெல்லாம் முயலுக்குள்ளேயே இருக்கும். கணினி 'வெள்ளம்' என்று ஒரே சொல் சொன்னால் போதும். முயலைத் திருத்தினால் மானுக்கு ஒன்றும் ஆகாது."

"நம் பழைய கணினியில் அது ஓடுமா?" என்று காட்டெருமை கேட்டது.

"ஓடும், தலைவரே. அதற்கான மொழி இதற்கும் வந்துவிட்டது."

"என் நிரல் இருபது மழைக்காலம் பார்த்தது," என்றது அழுங்கு.

"அதனால்தான் அண்ணே, அதில் கைவைக்க எல்லோரும் பயப்படுகிறோம்," என்றது நீர்நாய்.

சில விலங்குகள் சிரித்துவிட்டன. அழுங்கு அப்படியே சுருண்டுகொண்டது. எல்லோரும் கலைந்துபோன பிறகுதான் நிமிர்ந்தது.

நீர்நாய் பழைய நிரலைப் படித்துப் படித்துப் புதியதை எழுதியது. ஓரிடத்தில் மட்டும் தடுமாறியது. ஆமைகளுக்கு அறிவித்தபின் 'நாற்பது நிமிடம் காத்திரு' என்று ஒரு வரி இருந்தது. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. கேட்கலாம் என்று அழுங்கின் வளைவரை போனது. 'இதுகூடப் புரியவில்லையா என்று கேட்டுவிட்டால்?' என்று தோன்றியது. திரும்பி வந்து அந்த வரியைப் புதிய நிரலில் சேர்க்காமல் விட்டுவிட்டது.

சோதனை நாளில் அழுங்கும் வந்து தூரத்தில் நின்றது. எல்லா விலங்குகளுக்கும் ஒரே நொடியில் அறிவிப்பு போனது. காத்திருப்பு இல்லை என்பதை அது கவனித்தது. 'என்னிடம் வந்து கேட்கட்டும், சொல்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு வளைக்குத் திரும்பியது.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மலை இருண்டது. புதிய நிரல் ஒருவரையும் விட்டுவிடவில்லை. மானும் முயலும் காட்டெருமையும் ஒரே நேரத்தில் கிளம்பின. மேட்டுக்குப் போக இருந்தது ஒரே ஒரு குறுகிய பாதை. முன்பெல்லாம் மற்றவை வருமுன் ஆமைகள் அதைக் கடந்திருக்கும். அன்று குளம்புகள் இடித்து ஆமைகள் சரிவில் புரண்டன. எழுந்து மறுபடி பாதையைப் பிடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பதினொரு ஆமைகளில் நான்குதான் மேடேறின.

வெள்ளம் வடிந்ததும், பிழைத்த ஆமைகளில் ஒன்று, அழுங்கும் நீர்நாயும் நின்றிருந்த குகைக்கு வந்தது. தன் இரண்டு பிள்ளைகளையும் அது இழந்திருந்தது.

"எங்களுக்கென்று இருந்த அந்த நேரம் எதற்கு என்று உங்கள் இருவருக்கும் தெரியாதா?" என்று கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றது அழுங்கு. "என்னிடம் யாரும் கேட்கவில்லை."

"எனக்குத் தெரியவில்லை," என்றது நீர்நாய். "கேட்க வந்தேன். வாசலோடு திரும்பிவிட்டேன்."

ஆமை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மெல்ல நடந்து போனது.

மறுநாள் நீர்நாய் பழைய நிரலோடு அழுங்கின் வளைக்குள் போனது. அழுங்கு ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொன்னது. நீர்நாய் அதைப் புதிய நிரலில் அந்தந்த விலங்கின் பொருளுக்குள் எழுதியது. ஆமையின் பொருளைத்தான் இருவரும் முதலில் முடித்தார்கள். அதன்பின் அந்தக் காட்டில் வெள்ளத்துக்கு யாரும் பலியாகவில்லை.

தெரியாதவர் கேட்கக் கூசி, தெரிந்தவர் சொல்ல மறுத்து நின்றால், அதற்கான விலையை இருவரையும் நம்பியிருந்தவர்களே கொடுக்க நேரும்.