முடியாது என்று சொன்ன அடியார்

மருதங்குறிச்சிச் சிவன் கோயில் நந்தவனத்துக்குத் தண்ணீர் இறைத்தவர் ஐயாறனார். விடியலில் ஐந்தெழுத்தை ஓதியபடி செடிகளுக்கு நீர் பாய்ச்சுவார். பிறகு விறகு வெட்டி விற்பார். அதில்தான் அவரும் மனைவி நங்கையாரும் கஞ்சி குடித்தார்கள்.

அவருக்கு ஒரு விரதம் இருந்தது. நெற்றியில் திருநீறு பூசியவர் எவரானாலும் ஈசனே, அவர் ஏவிய வேலையைத் தட்டக்கூடாது. ஊர் சும்மா இருக்குமா? கொல்லைக்கு வேலி கட்டவும் மாட்டுக்குத் தவிடு சுமக்கவும் ஆள் வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை நீறு போதும் என்று கண்டுகொண்டார்கள். குளிக்காதவன்கூடப் பூசிக்கொண்டு வந்து நின்றான். அடியாரோ அவனையும் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

நங்கையார் காய்ச்சலில் விழுந்த ஐந்தாம் நாள், ஊர்த்தலைவர் பட்டை நீறோடு வாசலில் வந்து நின்றார். களத்தில் நெல் தூற்ற வேண்டுமாம். நங்கையார் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒருநாள் போவாதீங்க. பக்கத்துல இருங்க."

ஐயாறனார் கையை விடுவித்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த அம்மையார் தனியாகக் கிடந்து உயிர் விட்டிருந்தார். துக்கம் கேட்க வந்த ஊர்த்தலைவர் வெறும் நெற்றியோடு வந்தார். அன்று அவருக்கு வேலை எதுவும் ஆக வேண்டியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும், இனி நந்தவனத்துத் தண்ணீர் ஒன்றுதான், மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டேன் என்று ஐயாறனார் சொல்லிவிட்டார். பெண்டாட்டியோடு பக்தியும் போய்விட்டது என்று ஊர் சிரித்தது. ஈசனே அடியார் கோலத்தில் வந்தால் என்ன செய்வாய் என்று மிரட்டியது. அந்தப் பயம் அவருக்கும் இருந்தது.

ஒரு விடியலில் உடம்பெல்லாம் நீறு பூசிய கிழவர் ஒருவர் நந்தவனத்துக்கு வந்தார். தம் மூட்டையை அடுத்த ஊர்வரை சுமந்து வரச் சொன்னார். இவர்தான் ஈசன் என்று ஐயாறனாரின் நெஞ்சு சொன்னது.

"முடியாதுங்க சாமி. செடி காயுது."

கிழவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கி மடை திருப்பினார். அவர் சடையில் பிறை தெரிந்தது.

"நான் உங்கிட்ட கேட்டது இந்தத் தண்ணி மட்டுந்தான்" என்றார்.

"அதை அவ இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே" என்று ஐயாறனார் அழுதார்.

ஈசன் செடிகள் நனையும்வரை கூடவே நின்றார். அன்று கருவறையைத் திறந்த குருக்கள் சிவலிங்கத்தின் ஆவுடையாரில் வாய்க்கால் சேறும் நந்தவனத்திலிருந்து வந்த சேற்றுத் தடமும் கண்டு பதற, ஊரே ஓடிவந்து ஐயாறனார் காலில் விழுந்தது. அவர் விலகி நடந்தார்.

ஈசனுக்கே மறுப்புச் சொல்லி ஈசனுக்கு உரியவரான அந்த ஏழையைப் போற்றுவோம். ஒரே ஒரு நாளைக் கேட்டும் பெறாமல் போன நங்கையாரை, அவருக்கும் முன்னே போற்றுவோம்.