விழாத எலுமிச்சம்பழம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தத் தேசம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நல்லவர்தான். ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் கீழே வைக்க மாட்டார்.

அது தெரிந்தே மந்திரி நாகமல்லன் அவருக்கு ஒரு விளையாட்டுப் பலகை செய்து கொடுத்தான். ஆள் உயரப் பலகை, சரிவாகச் சாய்த்தது, நெடுக ஆணிகள். உச்சியில் எலுமிச்சம்பழத்தை விட்டால் ஆணிக்கு ஆணி முட்டிக்கொண்டு உருண்டு வரும். கீழே கிண்ணத்தில் பிடித்து, மறுபடி உச்சியில் விட வேண்டும். பத்துத் தடவை பிடித்தால் பலகைக்குப் பின்னால் ஒரு செங்கல் ஏறும். சரிவு கூடி, பழம் இன்னும் வேகமாக வரும். பழம் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதுவரை ஆடுகிறவரை யாரும் எழுப்பக் கூடாது. இதை மந்திரி ஓலையில் எழுதிப் பலகையிலேயே அடித்து வைத்தான்.

சும்மா கொண்டுவந்து கொடுக்கிறவனை ஒருமுறை சந்தேகப்பட வேண்டாமா? ராஜா படவில்லை. மூன்று மாதம் பலகையை விட்டு நகரவில்லை. முத்திரை மோதிரம் மந்திரி விரலுக்குப் போயிற்று.

அரண்மனை விகடகவி பிச்சாண்டி நாலு நாள் பக்கத்தில் நின்று பார்த்தான். எல்லாரும் பழத்தைப் பார்த்தார்கள். அவன் செங்கல்லையும் கிண்ணத்தையும் பார்த்தான்.

"மகாராஜா, இதுல ஜெயிச்சா என்ன ஆகும்?"

"இன்னொரு செங்கல் ஏறும்."

"அதையும் ஜெயிச்சா?"

"இன்னொன்று. நேற்று ஐந்தாவதுவரை போனேன். மயிரிழையில் தவறியது."

"முந்தாநாளும் மயிரிழைதான். சமையல்காரன் ஆடினான், அவனுக்கும் மயிரிழை. கிண்ணம் பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. இன்னும் பெரிசா இருந்தா சலிச்சுப்போகும், சிறுசா இருந்தா கோவம் வரும். அளந்து செஞ்சிருக்கார் மந்திரி. தோக்க வழி இருக்கு. ஜெயிச்சு வெளிய போக வாசலே வைக்கல."

மந்திரிக்குச் சுருக்கென்றது. "மன்னா, ஆடத் தெரியாதவன் குறை சொல்கிறான். நாளை சபையில் ஆடட்டும்."

ராஜாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "பழம் விழாமல் ஆட்டத்தை முடித்துக் காட்டு, கேட்டதைத் தருகிறேன். விழுந்தால் நாட்டைவிட்டுப் போய்விடு."

மறுநாள் பிச்சாண்டி கட்டுச்சோற்றோடு வந்தான். பழத்தை விட்டான். விளிம்பில் தட்டிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சோற்று மூட்டையை அவிழ்த்தான்.

"பழத்தை விடடா!" என்றான் மந்திரி.

"விடலாம். எத்தனை நாழிகைக்குள்ளன்னு உங்க ஓலையில இல்லையே?"

ராஜா குனிந்து படித்தார். இல்லை.

"அப்படியானால் எழுந்திரு, நான் ஆட வேண்டும்."

"ஆடறவனை எழுப்பக் கூடாதாம், மகாராஜா. எழுதியிருக்கு."

ராஜா அங்குமிங்கும் நடந்தார். கை அரித்தது. செய்ய வேறொன்றும் இல்லாததால் வாசலில் கேட்ட இரைச்சல் காதில் விழுந்தது. மூன்று மாதமாக நிற்கும் குடிகள். ஒருவனைக் கூப்பிட்டார்.

"ஏரி மதகை அடைச்சுட்டாங்க சாமி. தண்ணியெல்லாம் மந்திரி தோப்புக்குப் போவுது. கேட்டா உங்க முத்திரையைக் காட்டறாங்க."

ராஜா தன் விரலைப் பார்த்தார். பிறகு மந்திரி விரலைப் பார்த்தார். மந்திரி தானாகவே மோதிரத்தைக் கழற்றினான்.

சாயங்காலம்வரை வழக்குக் கேட்டுக் களைத்த ராஜா திரும்பி வந்தார். "எல்லாம் சரி. ஆனால் ஆட்டம் முடியவில்லையே, பிச்சாண்டி?"

பிச்சாண்டி ஒரு செம்புத் தண்ணீரும் வெல்லமும் கேட்டு வாங்கினான். பழத்தை அறுத்துக் கடைசிச் சொட்டுவரை பிழிந்து, கலக்கி நீட்டினான்.

"குடிங்க மகாராஜா. இனி அது எங்கேருந்து விழும்? ஆட்டம் முடிஞ்சுது."

ராஜா பாதி குடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. "கேள், என்ன வேண்டும்?"

"இந்தப் பலகை. என் வீட்டுக்குக் கதவு இல்லை."

பலகையோடு நூறு பொன்னும் கொடுத்தார். ஆணிகளைப் பிடுங்கும் வேலையை மந்திரிக்குக் கொடுத்தார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆணி; அதற்கு முடிவு இருந்தது.