எது பழைய படம்?

“எப்பப் பாத்தாலும் அப்படியே இருக்கு, அப்படியே இருக்குன்னுதான் சொல்றீங்க. இல்லைன்னு எப்ப சொல்வீங்க டாக்டரம்மா?”

இசக்கியம்மாளுக்கு இதைக் கேட்க மூணு வருஷம் வாய் வரவில்லை.

அவள் கல்லீரலில் கட்டிகள் இருந்தன. நியூரோஎண்டோக்ரைன் என்று வாயில் நுழையாத பேர். மெதுவாக வளரும் சாதி. மாசா மாசம் ஊசி, இடையிடையே ஸ்கேன்.

படம் பார்க்கும் டாக்டர் ஹெப்சிபாவுக்கும் அவள் வயசுதான் இருக்கும். அவர் கம்ப்யூட்டர் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இசக்கி உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

“வேற இடத்துல எடுத்தது. புள்ளி கூடுதலாத் தெரியுது. சோறு இறங்கல எனக்கு.”

“இது வேற மாதிரி ஸ்கேன். ஒரு ஸ்கேன்ல தெரியறது இன்னொண்ணுல தெரியாது. பக்கத்துல வச்சா நாமதான் ஏமாறுவோம்.”

டாக்டர் அதை உறைக்குள் போட்டுவிட்டு, திரையில் ரெண்டு படங்களை வைத்தார்.

“ரெண்டும் நம்ம மிஷின்தான். ஒண்ணு நீங்க முதமுதல்ல வந்தப்ப எடுத்தது. ஒண்ணு இன்னைக்கு. எது பழசு?”

இசக்கி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் கட்டி பெருசா இருக்கு.”

“இடப்பக்கம்தான் பழசு.”

“வித்தியாசமே தெரியலயே!”

“எனக்கும் தேதியப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்ப, போகவே போகாதா?”

“போகும்னு நான் சொல்ல மாட்டேன்.”

இசக்கி இப்போதுதான் உட்கார்ந்தாள்.

“கட்டி போன பிறகு என்ன செய்யப் போறீங்க?”

“மகளைக் கூட்டிட்டு வருவேன்.”

“எங்க இருக்கா?”

“மதினி வீட்டுல. மொத ஸ்கேனுக்கு ஊசி போட்டப்ப, பிள்ளைகிட்ட போகாதீங்கன்னு சொன்னீங்கள்ல. அப்ப கொண்டு விட்டது.”

“ஸ்கேன் ஊசியோட கதிர் போற வரைக்கும், அன்னைக்கு ஒரு நாள்தானே சொன்னோம்?”

“ஒரு நாளுன்னுதான் விட்டேன். அப்புறம் பயம் வந்துட்டு. என்கிட்ட ஒட்டிக்கிட்டா, நான் இல்லாமப் போனா தேடுவாள்லா? படம் சுத்தமாகட்டும், அப்புறம் தூக்கிக்கிடலாம்னு இருந்துட்டேன். இப்ப போன் போட்டா, ‘அத்தே, யாரோ பேசுறாங்க’ன்னு மதினிகிட்ட குடுத்துட்டு ஓடிருதா.”

“அவ போட்டோ இருக்கா?”

அந்தப் போனில் வேறு என்ன இருக்கிறது? இசக்கி எடுத்துக் காட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மேஜையிலிருந்த தன் போனை எடுத்து, இசக்கியின் போனிலிருந்த ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டார். ரெண்டு போனையும் திரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஒன்றில் ஒரு குழந்தை, இசக்கியின் இடுப்பில், அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டு.

ஒன்றில் ஒரு சிறுமி, பள்ளிக்கூடச் சீருடை, ரெட்டைச் சடை. தோளில் மதினியின் கை.

“இதுல எது பழசு?”

இசக்கி மேலே ஸ்கேன் படங்களைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

சிறுமியின் ரெட்டைச் சடையை விரலால் தொட்டாள்.

பிறகு, “இன்னைக்கும் ஸ்கேன் ஊசி போட்டாச்சே டாக்டரம்மா,” என்றாள். “நாளைக்குக் காலையில தூக்கலாமா?”

“தூக்கலாம். பாத்துத் தூக்குங்க, கனமா இருப்பா.”