அவசர மணி

அந்த எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் குரு, சிஷ்யனைவிட வயதில் சின்னவர். குரு டாக்டர் மெஹருன்னிசா. சிஷ்யன் டாக்டர் கதிரேசன், ஊர்ப்பக்கம் பல வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டுத் தாமதமாக மேற்படிப்புக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து அவருக்கு எல்லாவற்றின் மீதும் எரிச்சல். அன்று அது தலைக்கேறியிருந்தது.

"மேடம், இந்த வீரணன் மாத்திரையைத் துப்புறார். சோறு தண்ணி வேண்டாங்கிறார். 'எங்கண்ணன் குடுத்ததை வெளிய எடு, அப்புறம் பேசு'ங்கிறார்."

வீரணனுக்கு ரத்தப் புற்றுநோய். புது ரத்தம் ஊற அண்ணன் ஒச்சப்பன்தான் தன் ரத்தத்திலிருந்து ஸ்டெம்செல் கொடுத்தார். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்தும், கூப்பிட்டதும் வந்து கையை நீட்டிய மனிதர். இப்போது அந்தச் செல்கள் தம்பியின் தோலையும் குடலையும் தாக்குகின்றன. உடம்பெல்லாம் தடிப்பு, நிற்காத பேதி. இப்படியே போனால் ஆள் தேறமாட்டார்.

"அண்ணன் மேல ஏன் கோபம்?"

"உங்கண்ணன் செல்தான் உங்களைத் தாக்குதுன்னு நான் சொன்னேன். உண்மைதானே? 'வரப்புச் சண்டையை வயித்துக்குள்ள கொண்டாந்து வச்சுட்டாரே'ன்னு அவர் சம்சாரம் கத்துது. அந்த அண்ணன் படிக்கட்டுல உக்காந்து அழுறார். எனக்குப் போதும் மேடம். அதுங்களை அடக்க ஸ்டீராய்டைக் கூட்டிக் கூட்டிப் பாத்தாச்சு. பேசாம அந்தச் செல்லை மொத்தமா ஒழிச்சிரலாம். அதுங்க ஏன் இப்படி வெறி புடிச்சு அலையுது?"

மெஹருன்னிசா அவரைப் பக்கத்துக் காலி அறைக்குக் கூட்டிப்போனார். கட்டிலோரம் இருந்த அவசர மணியை அமுக்கினார். விரலை எடுக்கவில்லை.

நர்ஸ் குளோரி ஓடிவந்தார். பின்னாலேயே ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு ஒருவர், அவரை முந்திக்கொண்டு இன்னும் இருவர். இடித்த இடியில் மருந்துத் தட்டு கவிழ்ந்தது.

"பேஷன்ட் எங்க டாக்டர்?"

"யாரும் இல்லம்மா, போங்க!" என்றார் கதிரேசன்.

போனார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப வந்தார்கள், இந்த முறை இன்னும் அதிகம் பேர். சிலிண்டர் கதிரேசனின் கால்மேல் ஏறி இறங்கியது.

"கண்ணு தெரியலையா? காலிக் கட்டிலுக்கு எதுக்கய்யா இத்தனை பேர்!"

"மணி அடிக்குதே டாக்டர்," என்றார் குளோரி.

"மேடம், இவங்களை இந்தப் பக்கமே வரவிடாதீங்க."

"அப்புறம் நெஜமாவே ஒருத்தருக்கு மூச்சு நின்னா யாரு வருவா?" என்றார் மெஹருன்னிசா. "வீரணன் உடம்புல மிச்சப் புற்றுநோயைத் தேடிக் கொல்றதும் அதே செல்தானே?"

மணி நிற்கவில்லை. வாசலில் மறுபடியும் காலடிச் சத்தம். கதிரேசனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம்! முதல்ல அந்த விரலை எடுங்க!"

எடுத்தார். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

"வீரணன் குடல்ல மணி அடிக்கிறது யாரு டாக்டர்?"

கதிரேசன் குனிந்து, கவிழ்ந்த தட்டை நிமிர்த்தி வைத்தார்.

"புண்ணான குடல்தான். ஆறாத வரைக்கும் அந்தச் செல்லைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும்."

"புண்ணாக்கினது?"

"மாற்றுக்கு முன்னாடி நாம குடுத்த கீமோ." உடனே குரலை உயர்த்தினார். "அது இல்லாம புதுச் செல் ஒட்டவே ஒட்டாதே மேடம். வேற வழி இல்லையே!"

"இல்லைதான். ஸ்டீராய்டு இருக்கட்டும், குடல் ஆறவும் வழி பாப்போம். ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவங்ககிட்ட அண்ணன் பேரைச் சொன்னீங்க. நம்ம பேரைச் சொன்னீங்களா?"