கல்லறைக்குக் கொண்டுபோன செண்ட்

எருசலேமில் கல்லறைத் தோட்டத்து வாசலில் பஸ் நின்றதுதான் தாமதம், ரொசாலியம்மா முதல் ஆளாக இறங்கிவிட்டாள். பாஸ்போர்ட்டில் அறுபத்திரண்டு வயது என்று போட்டிருக்கிறது. அந்த நடையைப் பார்த்தால் யார் நம்புவார்கள்?

"மெல்லப் போங்க மாமி!" என்று பின்னாலேயே ஓடினாள் மருமகள் மெட்டில்டா.

"மெல்லப் போறதுக்கா ஏட்டி இம்புட்டுத் தூரம் வந்தேன்? வா, வா! கூட்டம் சேந்துரும்!"

அவர்களுக்குப் பின்னால் சாவகாசமாக வந்தார் சிஸ்டர் தெக்லா. ஊர்க் கடற்கரையில் தியான இல்லம் நடத்துகிறவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ரொசாலியம்மா மூன்று வருஷமாக அவரிடம்தான் ஜெபம் பழகுகிறாள். மகள் வயசுக்காரி காலடியில் போய் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஊரே சிரித்தது. "தெரிஞ்சவ சொல்லித்தாரா, தெரியாதவ கேக்கேன். உங்களுக்கு எங்க நோவுது?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவள் பறந்ததற்குக் காரணம் இருந்தது. கைப்பைக்குள் துணியில் சுற்றிய ஒரு செண்ட் குப்பி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் லியோன் மீன்பிடிக்க வள்ளத்தில் போய், புயலில் சிக்கித் திரும்பவில்லை. நாலாம் நாள், பக்கத்து ஊரில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது என்று சேதி வந்தது. பிள்ளையை வெறுமனே மண்ணுக்குள் அனுப்பலாமா? ஓடுகிற ஓட்டத்தில் கடைக்குள் நுழைந்து, சவத்துக்குத் தெளிக்க நல்ல செண்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் அது வேறு யாரோ பெற்ற பிள்ளை. குப்பி திறக்காமலேயே வீடு வந்தது. லியோன் வரவேயில்லை.

கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றும். ரொசாலியம்மாவுக்குப் போய் நிற்க ஓர் இடம் கிடையாது. கடற்கரை மணலில் ஒரு மெழுகுவத்தியை நட்டுவைப்பாள். காற்று ஊதி அணைத்துவிடும். பாவம், அந்த மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

மெட்டில்டாவுக்கு இப்போது முப்பது வயது. கல்யாணமாகி ஏழே மாதத்தில் லியோனைப் பறிகொடுத்தவள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, மாமியோடேயே தங்கிவிட்டாள். மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர் அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அவளுக்கும் விருப்பம்தான். ஆனால் மாமி வாயால் சரி என்று வர வேண்டும் என்றுவிட்டாள்.

மாமி வாயில் அதுதான் வரவில்லை. "அடக்கம் ஆகாத புருசனை விட்டுட்டு எங்க ஏட்டி போவ?"

இந்தப் பயணம் முடிவானதும் ரொசாலியம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆண்டவரை வைத்த இடம் என்று உலகமே முழங்காலில் நிற்கிற கல்லறை. அதற்குள் இந்தச் செண்டை ஊற்றிவிட்டால் மகனையே அடக்கம் பண்ணின மாதிரி. "ஊத்திட்டு வந்து பதில் சொல்லுதேன்" என்று மெட்டில்டாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பாறையைக் குடைந்து செய்த சின்ன வாசல். வரிசை நகர்ந்தது. ரொசாலியம்மா குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். மெட்டில்டா வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரொசாலியம்மா வெளியே வந்தாள். குப்பியின் மூடியில் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது.

மெட்டில்டாவின் முகம் விழுந்துவிட்டது. "ஊத்தலியா மாமி?"

"எங்க ஊத்த? உள்ள ஒண்ணுமே இல்லையே! கல்லுல ஒரு படுக்கை வெட்டியிருக்கான், அம்புட்டுத்தான். ஆளே இல்லாத இடத்துல யாருக்குன்னு ஊத்துவேன்?"

காலி என்று அவளுக்குத் தெரியாதா என்ன? விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாளில் வருஷா வருஷம் கோயிலில் கேட்டதுதான். ஆனாலும் கண்ணால் பார்த்ததும் கை வரவில்லை.

சிஸ்டர் மரநிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ரொசாலியம்மா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சிஸ்டர், ஒரு கேள்வி. அன்னைக்கு விடியக்காலம் அந்தப் பொம்பளைங்களும் ஆண்டவர் உடம்புக்குப் பூச வாசனையெல்லாம் கொண்டுதானே வந்தாங்க?"

"ஆமா."

"வந்து பாத்தா உடம்பே இல்லை."

"இல்லை."

"அப்போ கொண்டுவந்ததை என்ன செஞ்சாங்க?"

சிஸ்டர் ஒரு சுளையை வாயில் போட்டு மென்று முடித்தார். "யாரும் எழுதி வைக்கலையே."

"அப்போ நான் என்ன செய்ய?"

"குப்பியைக் கொடுங்க."

கொடுத்தாள். சிஸ்டர் காகிதத்தைக் கிழித்து, மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தார். "அடேயப்பா, இன்னும் நல்லாத்தான் மணக்குது. மெட்டில்டா, இங்க வா. கையை நீட்டு."

மெட்டில்டா ஒன்றும் புரியாமல் நீட்டினாள். சிஸ்டர் அவள் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார்.

"ஐயோ சிஸ்டர்!" ரொசாலியம்மா போட்ட சத்தத்தில் தோட்டமே திரும்பிப் பார்த்தது. "என்ன காரியம் செஞ்சீங்க! அது செத்தவனுக்கு வாங்கினது!"

"தெரியும் ரொசாலிம்மா. நீங்கதான் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தீங்களே. செத்தவங்க யாராவது இருந்தாங்களா?"

ரொசாலியம்மா திரும்பினாள். கல்லறை வாசலைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். கடைசியில் மெட்டில்டாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை நீட்டிய கையை மடக்கவும் பயந்து அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ரொசாலியம்மா குப்பியை வாங்கினாள்.

"குனி ஏட்டி."

மெட்டில்டா குனிந்தாள். அவள் தலையில் செண்டு முழுவதையும் கவிழ்த்து, இரண்டு கையாலும் முடியில் தேய்த்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. வரிசையில் நின்ற யாரோ கை தட்டினார்கள்.

"மாமி," மெட்டில்டா குனிந்தபடியே மெல்லக் கேட்டாள், "அப்போ அந்த வாத்தியாருக்கு என்ன சொல்ல?"

"இப்பவே போன் போடு. பொண்ணோட அம்மாவுக்குச் சம்மதம்னு சொல்லு."