ஐம்பதுக்கு நான்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் குடையாதீர்கள், மருதவர்மன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்காது. சிம்மாசனத்துக்கும் சாளரத்துக்குமாக நடந்து நடந்தே கம்பளத்தைத் தேய்த்துவிட்டான்.

அந்த ஆண்டு அவன் நடந்ததற்குக் காரணம் இருந்தது. எல்லையில் ஒரு பெரிய ஏரி. அண்டை நாட்டோடு ஆண்டுதோறும் சடுகுடு ஆட வேண்டும், ஜெயித்தவர்களுக்கே அந்த ஆண்டுத் தண்ணீர். பாட்டன் காலத்து ஏற்பாடு. மூன்று ஆண்டுகளாகத் தோல்வி. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. இந்த முறையும் தோற்றால் ஜனங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆட்டத்துக்கோ இன்னும் மூன்றே நாள்.

“ஏன் தோற்கிறோம்? யாராவது சொல்லித் தொலையுங்களேன்!” என்று கத்தினான் ராஜா.

அவைப்புலவர் அரங்கண்ணர் எழுந்தார். “மன்னா, நம் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு உண்டு, மூளை இல்லை. அடியேன் ஐம்பது கேள்விகள் எழுதியிருக்கிறேன். ஒரு நாழிகைக்குள் விடை சொல்லட்டும். அதிக மதிப்பெண் பெறுகிறவர்களே களம் இறங்கட்டும். சோதனையை நம் விதூஷகர் நல்லக்குட்டியே நடத்தலாம்.”

பாருங்கள் சூதை! நல்லக்குட்டியின் பேச்சுக்கு ராஜா சிரிப்பான், அரங்கண்ணர் பாட்டுக்குக் கொட்டாவி விடுவான். அந்த எரிச்சல் அவருக்கு. ஜெயித்தால் பெருமை கேள்வி எழுதிய அவருக்கு, தோற்றால் பழி நல்லக்குட்டிக்கு.

யோசிக்க ராஜாவுக்கு ஏது பொறுமை? “இந்த நாட்டில் யார் யார் அதிக மதிப்பெண் வாங்குகிறார்களோ, அந்த ஏழு பேரே ஆட வேண்டும். இது ஆணை. மீறினால், நல்லக்குட்டி, உமக்கு இந்த நாட்டில் இடமில்லை” என்றான். சும்மா இருக்க முடியாமல் தானும் ஒரு கேள்வி ஓலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வெளியே வந்தபோது அது இடுப்பில் செருகியிருந்தது. யாருக்கும் காட்டவில்லை.

மறுநாள் சோதனை. உப்பு வண்டி ஓட்டும் காத்தமுத்து வந்தான். போன ஆண்டு தோற்ற ஆட்டத்திலும் தனியாளாகப் பாடிப் போய் ஐந்து பேரைத் தொட்டுத் திரும்பியவன்.

“மூன்று பூனைகள் ஒரு நாளில் ஆறு எலி பிடித்தால், பத்துப் பூனைகள் எத்தனை பிடிக்கும்?” என்று வாசித்தான் நல்லக்குட்டி.

“அது பூனையப் பொறுத்தது சாமி” என்றான் காத்தமுத்து.

ஐம்பதுக்கு நான்கு. மதிப்பெண் ஓலையைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் ஆடாட்டிப் போகுது சாமி. என் வயலும் அந்தத் தண்ணிய நம்பித்தானே கெடக்கு!”

நல்லக்குட்டி நேரே அரங்கண்ணரிடம் போனான். அவரைச் சுற்றி ஆறு சீடர்கள். “புலவரே, ஒரு நாழிகையில் ஐம்பதுக்கு ஐம்பது மனிதப் பிறவியால் முடியுமா? எனக்கு நம்பிக்கையில்லை.”

“எழுதியவனிடமே கேட்கிறாயா?” புலவர் அரை நாழிகையில் ஐம்பதும் சொல்லி முடித்தார். குருவுக்குச் சளைத்தவர்களா சீடர்கள்? நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை. எல்லாவற்றையும் நல்லக்குட்டியோடு வந்திருந்த அரண்மனை எழுத்தர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் அவையில் நல்லக்குட்டி பட்டியல் வாசித்தான். “முதல் ஆட்டக்காரர், அரங்கண்ணர். மற்ற அறுவர், அவருடைய சீடர்கள். ஆணையில் ஓர் எழுத்தும் மீறவில்லை, மன்னா.”

புலவர் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ராஜா தவித்தான். சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? “சரி, இன்றே ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிக் காட்டுங்கள். எதிரே காத்தமுத்துவின் ஆட்கள்” என்றான்.

புலவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். “சடுகுடு சடுகுடு, சடுகுடு சடுகுடு...” நாலு சீர் ஆனதும் செய்யுள் படிக்கிற பழக்கத்தில் நிறுத்தி, நிதானமாக மூச்சு வாங்கினார்.

“மூச்சு விட்டாச்சு! வெளிய போங்க!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

அடுத்து காத்தமுத்து பாடி வந்தான். ஒரே மூச்சு. ஆறு சீடர்களையும் தொட்டுத் திரும்பினான்.

ராஜா களத்துக்கே ஓடிவந்தான். “எப்படியடா?”

“பாயறவன் மொதல்ல குதிகாலத் தூக்குவான் ராசா. அந்தா, மூலைல நிக்கிறவருக்கு முழங்கால் வலி. நடுவுல இருக்கவரு பக்கத்தாளு மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கையவே நீட்டுறாரு.”

“இத்தனை தெரிந்தவன் சோதனையில் ஏன் சொல்லவில்லை?”

“அங்க பூனையப் பத்தித்தானே கேட்டாக.”

அரங்கண்ணர் மேல்மூச்சு வாங்கக் கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னா, கேள்வி தப்பு. களத்திலேயே சோதனை வையுங்கள். அடியேன் பூஜ்யம் வாங்கிக்கொள்கிறேன்.”

“அப்படியே ஆகட்டும். தொட்டுத் திரும்பும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு மதிப்பெண்” என்றான் ராஜா. காத்தமுத்து களத்துக்குத் திரும்பினான். ஆட்டத்தன்று வெற்றி, மதகு திறந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று அவன் வாய்விட்டு அழுததை ஊரே பார்த்தது.

கரையில் ராஜா கேட்டான்: “நல்லக்குட்டி, என்ன பரிசு வேண்டும்?”

“தங்கள் இடுப்பில் இருக்கும் ஓலை, மன்னா.”

ராஜா முறைத்தான். பிறகு மெதுவாக உருவிக் கொடுத்தான். ராஜா எழுதியிருந்த விடைகளை நல்லக்குட்டி அங்கேயே திருத்தினான். ஐம்பதுக்கு மூன்று!

“காத்தமுத்து என்னை ஒரு மதிப்பெண்ணில் ஜெயித்துவிட்டான்” என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். “நல்லவேளை, ராஜாவைத் தேர்ந்தெடுக்க எவனும் சோதனை வைக்கவில்லை!” கைக்காப்பைக் கழற்றி நல்லக்குட்டிக்குப் போட்டான். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், ஏரிக்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.