ஐம்பொறிச் செம்மல்

"சாமி, நான் மடத்துக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. எனக்குப் பின்னால் வந்த மூவருக்குத் தீட்சை ஆகிவிட்டது. அடியேனுக்கு மட்டும் ஏன் ஆகவில்லை?"

கேட்டவர் பேராசிரியர் நெல்லைநாயகம். வயது அறுபத்து நான்கு.

கேட்கப்பட்டவர் மடத்தின் தலைவர் நாவலடிகள். வயது நாற்பத்தொன்று.

அடிகள் பூசைக்கு வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தார். பூச்சி அரித்த இலை ஒருபுறம், நல்ல இலை ஒருபுறம்.

"முந்நூறு பதிகம் மனப்பாடம், சாமி. பொருளும் சொல்வேன். இலக்கணக் குறிப்பும் சொல்வேன்."

அடிகள் நிமிரவில்லை. வலக்கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

"ஐந்து," என்றார் பேராசிரியர்.

"ஐம்பொறி. குருபூசை அன்று அவையில் ஐந்தின் கதையையும் சொல்லும். சொல்லி முடிந்தால் மறுநாள் தீட்சை."

பேராசிரியர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். எழும்போதே வயது பத்துக் குறைந்திருந்தது.

அதற்குக் காரணம் உண்டு.

நெல்லைநாயகம் பொறியியற் கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர். 'எஞ்சின்' என்ற சொல்லைத் தம் வகுப்பறை வாசலைத் தாண்ட விடாதவர். மற்றவர்களுக்கு நீராவி எஞ்சின். அவருக்கு நீராவிப் பொறி. மற்றவர்களுக்கு டீசல் எஞ்சின்; அவருக்கு டீசல் பொறி. மாணவர்கள் தமக்கு 'எலிப்பொறி' என்று பெயர் வைத்திருந்ததையும் அவர் அறிவார். அதிலும் பொறி இருந்ததால் பொறுத்துக்கொண்டார்.

ஆகவே, அடிகள் 'ஐம்பொறி' என்று சொன்ன மாத்திரத்தில் அவர் மனத்தில் ஐந்து எந்திரங்கள் கடகடவென்று ஓடத் தொடங்கிவிட்டன. கண், காது, மூக்கு எதுவும் அவர் நினைவுக்கு வரவே இல்லை.

மடத்தின் சமையலுக்குத் தலைவர் தவசிப்பிள்ளை பிறவிப்பெருமாள். அவர் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது பேராசிரியர் போய்ச் சேர்ந்தார்.

"என்ன வே, மூஞ்சியில இம்புட்டு வெளிச்சம்?"

"சாமி என்னை ஐம்பொறியைப் பற்றிப் பேசப் பணித்துவிட்டார்."

"அப்படிப் போடும்! தீட்சை கிடைச்ச மாதிரிதான். அஞ்சும் அடங்கிட்டா அதுக்கு மேல என்ன வேணும்?"

"அடங்குவதா? ஓட வேண்டாமா?"

"ஓடுறதுதாம் வே தொந்தரவே. அது பாட்டுக்கு ஓடும். நாம பின்னாலேயே ஓடணும்."

அனுபவமுள்ளவர் பேச்சு என்று பேராசிரியர் மதித்துத் தலையசைத்தார்.

"எனக்கு ஒரு சங்கடம். ஐந்தோடு நிறுத்த மனம் வரவில்லை. ஆறாவதாக ஒன்று இருக்கிறது. அதை விட்டால் வரலாறு முழுமை பெறாது."

"ஆறாவதா? அது ஒமக்கு இருக்கிற மாதிரித் தெரியலையே."

"என்னிடம் எப்படி இருக்கும்? அனல்மின் நிலையத்தில் இருக்கிறது. விநாடிக்கு ஐம்பது சுற்று."

தவசிப்பிள்ளையின் அரிவாள்மணையில் பூசணிக்கீற்று பாதியில் நின்றது.

"காலையில சாப்பிட்டீரா, வே?"

"சாப்பிட்டேன். ஐந்தில் எது மூத்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நீராவிதான்."

"மூக்குல ஆவி வருதுன்னா வாய்விட்டுச் சொல்லும். சுக்கு தட்டிப் போட்டுத் தாரேன்."

இருபத்திரண்டு நாள் பேராசிரியர் அறையை விட்டு அதிகம் வெளிவரவில்லை. ஆளுயரத் தாளில் ஐந்து படங்கள் வரைந்தார். ஆறாவதான அனல்மின் நிலையச் சுழலியை, பெற்ற பிள்ளையை விடுதியில் விட்டு வருகிறவர் போலக் கண் கலங்கிக் கைவிட்டார்.

குருபூசை நாள் வந்தது. முற்பகலில் மண்டபம் நிரம்பியது. மேடையின் பின்னால் ஐந்து படங்களும் சுருட்டி, நூலால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. ஏதோ தெய்வத் திருவுருவங்கள் என்று எண்ணிச் சிலர் கும்பிட்டுக்கொண்டார்கள்.

முதலில் புலவர் அங்கயற்கண்ணி பேசினார். வெண்கலக் குரல். முடிக்கும்போது பேராசிரியர் பக்கம் கையை நீட்டினார்.

"மெய், வாய், கண், மூக்கு, செவி! இந்த ஐம்பொறிகள் மனிதனை என்ன பாடு படுத்துகின்றன என்பதை, இதோ, ஆன்றவிந்தடங்கிய நம் பேராசிரியர் ஐயா படம் காட்டியே விளக்கப் போகிறார்கள்!"

பேராசிரியரின் விரல்கள் முதற்படத்தின் நூலைப் பிடித்திருந்தன.

அப்பொழுதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

தட்டியதும் பொறி கலங்கியது.

கலங்கிய கை நூலை இழுத்துவிட்டது.

படம் சரசரவென்று விரிந்தது. உலை, கொப்பரை, உருளை, உந்துதண்டு, மேலே ஏற்றச்சட்டம் போல ஒரு பெரிய உத்தரம்.



"இது மெய்யா, வாயா?" என்று முன்வரிசையில் ஒரு பாட்டையா பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

பேராசிரியர் அடிகளைப் பார்த்தார். அடிகள் கண்களை மூடியிருந்தார். தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கியது போலிருந்தது.

நிறுத்தினால் தீட்சை இல்லை. இன்னும் பதினோரு மாதமோ, பதினோரு ஆண்டோ. பேராசிரியருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைத் தொடங்கினார்.

"அன்பர்களே, இங்கிலாந்திலே சுரங்கங்களில் நீர் ஊறி நிரம்பியது. அதை இறைப்பதற்கு இரும்பு வணிகர் ஒருவர் இந்தப் பொறியை அமைத்தார். இந்த உருளைக்குள் நீராவியை நிரப்புவார்கள். உடனே உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி சுருங்கும். தண்டு இறங்கும். மறுபடி சூடு. மறுபடி குளிர். நூறு பங்கு நிலக்கரி எரித்தால் ஒரு பங்குகூட வேலையாகவில்லை. ஐம்பது ஆண்டுகள் இப்படியே ஓட்டினார்கள்."

அங்கயற்கண்ணி துள்ளி எழுந்தார்.

"கேட்டீர்களா! ஒரே கலம். ஒரு கணம் சூடு, மறுகணம் குளிர். இது மெய்யல்லவா? விருப்பிலும் வெறுப்பிலும் வேகின்ற நம் உடம்பல்லவா!"

"ஆகா!" என்றது மண்டபம்.

முன்வரிசைப் பாட்டையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நூத்துல ஒரு பங்குகூட இல்ல. என் கதையேதான்."

பேராசிரியர் திகைத்தார். பிறகு மெல்ல இரண்டாம் நூலை இழுத்தார்.

"கொப்பரைகள் வெடித்து ஆட்கள் மாண்டார்கள். அதைக் காணச் சகியாமல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் ஆவியே வேண்டாம் என்று இந்த வெப்பக்காற்றுப் பொறியைச் செய்தார். உள்ளே அடைத்த காற்று உள்ளேயே போய்வரும். வெளியே விடுவதே இல்லை."

"வாய்!" என்று முழங்கினார் அங்கயற்கண்ணி. "ஒரு சொல்லும் வெளியே விடாத வாய்! அதையும் ஒரு துறவியைக் கொண்டே செய்வித்தான் பாருங்கள், இறைவன்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது.

பேராசிரியரின் முகம் மெல்ல மலர்ந்தது. "அதைத்தான் அடியேனும் உணர்த்த வந்தேன்," என்றார்.

மூன்றாம் படத்துக்கு வந்தபோது அவர் குரலிலேயே ஒரு கனிவு ஏறியிருந்தது. கண்ணைப் பாதி மூடிப் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டார்.

"இது பெட்ரோல் பொறியின் மூதாதை. ஊர் ஊராய்ப் போய் மளிகைச் சரக்கு விற்ற ஒருவர் இதைச் செம்மைப்படுத்தினார். நான்கு வீச்சு. உறிஞ்சும், அமுக்கும், எரிக்கும், வெளியே தள்ளும். நான்கில் ஒரு வீச்சில்தான் ஆற்றல். மூன்றும் அதற்கான ஆயத்தம்." சற்றே நிறுத்தி, "சிந்திக்க வேண்டும்," என்று சேர்த்தார்.

"கண்!" என்றார் அங்கயற்கண்ணி, தழுதழுத்து. "நான்கு முறை பார்க்கிறோம். ஒரு முறைதானே காண்கிறோம்!"

அதற்கு மேல் அந்த அம்மையாரால் பொறுக்க முடியவில்லை. தமக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடையை எடுத்தார். பேராசிரியரின் தோளில் போர்த்தினார்.

"எந்திரத்துக்குள் ஞானத்தை ஒளித்து வைத்த இப்பெருமகனாருக்கு, இந்த அவையின் சார்பில், 'ஐம்பொறிச் செம்மல்' என்ற பட்டத்தை..."

மண்டபம் எழுந்து நின்றது. சிலர் காலில் விழுந்தார்கள்.

பொன்னாடைக்குள் பேராசிரியர் நான்காம் நூலை இழுத்தார். டீசல் பொறி விரிந்தது.

கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்கினார். மடத்து வாழைத்தோப்புக்கு நீர் பாய்ச்சும் சுடலைமுத்து.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கள்," என்றார் செம்மல்.

"இது நம்ம தோப்புல ஓடுற எஞ்சின்தானே?"

"அதே வகைதான்."

"படம் அச்சா அப்படியே இருக்கு. நானும் இருவது வருசமா அதக் கழட்டி மாட்டுறேன். கணக்குப்படி அடுத்தது மூக்கு வரணும். இதுல மூக்கு எங்கய்யா இருக்கு?"

மண்டபம் திரும்பிப் பேராசிரியரைப் பார்த்தது.

விடை அவர் நாவில் தயாராக இருந்தது. காற்றை உள்ளே இழுக்கிறது, அமுக்குகிறது, வெளியே விடுகிறது. மூக்கன்றி வேறென்ன? இவ்வளவு பொருத்தமான விடை முப்பத்திரண்டு ஆண்டில் ஒருநாளும் அவருக்கு வாய்த்ததில்லை. அங்கயற்கண்ணி கைதட்டத் தயாராக இரு கையையும் உயர்த்தியிருந்தார். இன்னும் ஒரு படம். பிறகு தீட்சை.

பேராசிரியர் வாயைத் திறந்தார்.

சுடலைமுத்து இருக்கையின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். உண்மையிலேயே மூக்கைத் தெரிந்துகொண்டு போய்த் தோப்பில் தேடிப் பார்க்கப் போகிறவர் முகம் அது.

பேராசிரியர் வாயை மூடினார்.

விழுங்கினார்.

"இதில் மூக்கு இல்லை, தம்பி," என்றார் பிறகு. "வெறும் டீசல் எஞ்சின்."

எஞ்சின் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் உலகிலேயே அந்த மண்டபத்தில் இருந்தவர்கள்தான்.

"அப்ப அந்த மொதப் படம் மெய்யில்லையா?" என்றார் பாட்டையா.

"இல்லை ஐயா. நீராவி எஞ்சின். சாமி ஐம்பொறி என்றார். நான் ஐந்து எந்திரம் என்று எண்ணிக்கொண்டேன். இருபத்திரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். புலவரம்மா சொன்னதெல்லாம் அவர்கள் அறிவு. அதைத்தான் உணர்த்த வந்தேன் என்று நான் சொன்னது பொய்."



அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற தவசிப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "அனல்மின் நிலையத்துல ஆறாவது பொறி! அடப் பாவி மனுசா!"

பிறகு மண்டபமே சிரித்தது. காலில் விழுந்தவர்கள் பெரிதாகச் சிரித்தார்கள். அங்கயற்கண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பேராசிரியர் பொன்னாடையை நான்காக மடித்து அவரிடம் நீட்டினார். வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்த அம்மையார் அதைச் சுடலைமுத்துவுக்குப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

பந்தி முடிந்தது. பேராசிரியர் படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடிகள் முன் நின்றார். மறு கையில் துணிப்பை.

"புறப்பட்டாயிற்றா?" என்றார் அடிகள்.

"ஐந்தும் சொல்லி முடிந்தால் தீட்சை என்றீர்கள். நான்கோடு நின்றுவிட்டது, சாமி."

"எது நின்றது?"

"ஐந்தாவது. மின்மோட்டார். படத்தைப் பிரிக்கவே இல்லை."

"அதற்கு முன் ஒன்று நின்றதே."

"டீசலா? அதை விளக்கத் தொடங்கவே இல்லையே, சாமி."

"அதற்கும் முன்."

பேராசிரியர் யோசித்தார். படங்கள் ஒவ்வொன்றாய்க் கக்கத்திலிருந்து நழுவின. அவர் எடுக்கவில்லை.

"இழுக்கிறது, அமுக்குகிறது, வெளியே விடுகிறது. ஆகவே மூக்கு," என்றார் அடிகள். "நாக்கு நுனிவரை வந்துவிட்டதே, ஐயா. எப்படி நிறுத்தினீர்?"

பேராசிரியர் விடை சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

அடிகள் அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கித் தம் பின்னால் வைத்துக்கொண்டார்.

"நாளை விடியுமுன் ஆற்றில் முழுகிவிட்டு வாரும். ஈர வேட்டியோடு வர வேண்டும்."

பேராசிரியர் விழுந்து வணங்கினார். எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது. எழுந்தவர், போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன?"

"சாமி, என் நாவில் அந்த விடைதான் இருந்தது என்று தங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

அடிகள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். தவசிப்பிள்ளை கண்ணில் படவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"என் நாவிலும் அதுதான் இருந்தது."